முப்பதாம் பக்கத்துக் கேள்வி

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்தேழு வருடம் படுக்கை விரிப்பு மடித்தவளுக்குக் கூட வேலை பார்த்த பெண்கள் வைத்த பெயர் நாவலக்கா. சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் மாமியார், நாத்தனார் என்று ஒரு ஊர்வம்பையும் விடமாட்டார்கள். இவள் மட்டும் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையில் புத்தகத்தோடு மூலையில் உட்கார்ந்துவிடுவாள்.

எல்லாம் ஒரே மாதிரிக் கதைகள்தான். ஆபீஸில் வேலை பார்த்துப் பார்த்தே ஒருத்தி செத்துப்போவாள். கண் விழித்தால் வேறு உலகம், வானத்தில் இரண்டு நிலா. பாழடைந்த பண்ணை ஒன்று அவளுக்கென்று காத்திருக்கும். விதைத்த மூன்றாம் நாள் முள்ளங்கி தலைகாட்டும், பசு பேசும். பக்கத்துப் பண்ணையில் அதிகம் பேசாத ஆள் ஒருவன் இருப்பான்.

"ஒரு முள்ளங்கிக்காக உயிரையே விடணுமாக்கா?" என்று பெண்கள் வாருவார்கள்.

"போங்கடி, உங்களுக்கு என்ன தெரியும்!"

முள்ளங்கியை யார் தேடினார்கள்? முப்பதாம் பக்கத்தை ஒட்டி ஒரு இடம் வரும். அவள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வரப்பில் உட்காருவாள். அவன் வந்து, "கை வலிக்குதா?" என்று கேட்பான். "இல்ல" என்பாள். அவன் நம்பமாட்டான். கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, அவளை உட்காரவைத்து, தானே அடுப்பு மூட்டி சூப் வைப்பான். இது எல்லாப் புத்தகத்திலும் உண்டு. இந்த ஒரு பக்கத்துக்காகத்தான் நாவலக்கா மீதி முந்நூறு பக்கத்தையும் பொறுத்துக்கொண்டாள். ஈரத் துணியை உதறி உதறி அவளுக்கு இரண்டு மணிக்கட்டும் என்றோ போய்விட்டன. பாட்டில் மூடியைத் திறக்கக்கூடப் பல்லைக் கடிக்க வேண்டும். வீட்டில் ஒரு ஈ காக்கைகூட அதைப் பற்றிக் கேட்டதில்லை.

ஓய்வு பெற ஒரு மாதம் இருந்தது. அவளுக்குப் பெரிய ஆசையெல்லாம் கிடையாது. இருக்கிற இரண்டு அறை வீட்டிலேயே, ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

புருஷன் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் காப்பி குடித்துக்கொண்டே சொன்னார்: "வீட்டைக் காலி பண்றோம்னு ஓனர்கிட்ட சொல்லிட்டேன். ஊருக்கு வெளியே எங்க அண்ணன் விட்டுட்டுப் போன நிலம் சும்மாதானே கிடக்குது? அங்கயே ஒரு ரூமும் இருக்குது."

"என்னை ஒரு வார்த்தை கேக்கக் கூடாதாங்க?"

"இதுல கேக்க என்ன இருக்கு? எப்பப் பாத்தாலும் பண்ணை பண்ணைன்னு படிக்கிறே. உன் ஆசையைத்தானே நிறைவேத்துறேன்!"

சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டு இதையே சொன்னார். "நீ கொடுத்து வச்சவ அண்ணி" என்றாள் நாத்தனார். இனி அவள் வாயைத் திறந்தால் நன்றி கெட்டவள் என்று பெயர் வரும். எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள், அதுவும் தெரியாமலே செய்கிற சாமர்த்தியம்.

குடிபோன நிலத்தில் பசு இல்லை, இருந்தாலும் பேசியிருக்காது. முள்ளங்கியைப் புழு தின்றது. அவள் கொத்தினாள், களை பிடுங்கினாள், தண்ணீர் சுமந்தாள். ஜன்னலோரத்துக்கென்று அவள் நினைத்துவைத்த அதே நாற்காலியை மரத்தடியில் போட்டு அவர் உட்கார்ந்தார். டிப்போ புத்தி போகவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்து, "பத்து மணிக்குள்ள இந்தப் பாத்தி முடியணும்" என்பார்.

ஒரு நாள் பொறுக்கமுடியாமல் கேட்டேவிட்டாள்: "எனக்குப் பண்ணை வேணும்னு நான் எப்பங்க சொன்னேன்? அதுல ஒரு புத்தகத்தையாவது எடுத்துப் படிச்சுப் பாருங்க. அப்பத் தெரியும்."

ஆச்சரியம், படித்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் படித்தார். அவர் முப்பதாம் பக்கத்தை நெருங்கியபோது, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளுக்கு இந்த வயதிலும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. கடைசியில் புத்தகத்தை மூடிவைத்தார்.

"உரத்தைப் பத்தி ஒரு வரி கிடையாது. அந்த ஆளு வேலைவெட்டி இல்லாம சூப் வச்சுக்கிட்டே இருக்கான்."

அவள் புத்தகத்தை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

மறுநாள் காலை, பாதிப் பாத்தியில் மண்வெட்டியைப் போட்டுவிட்டு அவள் வரப்பில் உட்கார்ந்தாள். விரல் மடங்கவில்லை. அவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். பக்கத்தில் நின்று அவளுடைய கையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கை வலிக்குதா?"

கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவை. அவளுக்குக் கண் கலங்கியது. இதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்பது அவளுக்கு மனப்பாடம்.

"இல்ல" என்றாள்.

அவர் நம்பிவிட்டார்.

"அப்ப எந்திரி. வெயில் ஏறுறதுக்குள்ள அந்தப் பாத்தியையும் முடிச்சிடு" என்று சொல்லிவிட்டு நாற்காலிக்குத் திரும்பிப் போனார்.