முப்பது ரூபாய்க்கு விட்ட சாப்பாடு

எழுபதுகளின் தொடக்கத்தில், திருப்பதி ரயில் நிலையத்துக்கு அருகில் ஒரு சாப்பாட்டு ஓட்டலில் நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். சம்பளம் சொற்பம். ஆனால் இரண்டு வேளை அங்கேயே சாப்பிடலாம். கடை அடைக்கும்போது சோறும் சாம்பாரும் ஒரு தூக்குச் சட்டியில் வீட்டுக்கு எடுத்துப்போகலாம். என் மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் அதுதான் ராத்திரிச் சாப்பாடு.

தலைமைச் சமையல்காரர் என் அக்காவின் கணவர். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். கூச்சத்தால் முதலாளி முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காத எனக்காகவும் மாமாதான் பேசுவார்.

ஒருநாள் அவர் வேலையாட்கள் எங்களையெல்லாம் மாவரைக்கும் இடத்துக்குக் கூப்பிட்டார். "சோறும் தூக்கும் வேணாம்னா மொதலாளி மாசம் முப்பது ரூபா கூட தர்றாராம். நல்லா யோசிங்கப்பா. கையில காசு இருந்தா ராஜா."

"சாம்பாரு துன்னு துன்னு நாக்கே மரத்துப்பூட்சி மாமா. காசே குடுக்கச் சொல்லு" என்றான் இலை எடுக்கிறவன். எல்லோரும் சிரித்தார்கள்.

முதலாளி வந்து தெலுங்கில், "டப்பா, அன்னமா?" என்று கேட்டார். பணமா, சோறா? "டப்பே!" என்று கத்தினோம். நானும் கத்தினேன். எங்களில் ஒருவருக்கும் அதுவரை மாசக் கடைசியில் கையில் காசு நின்றதில்லை.

முதல் இரண்டு மாதம் நன்றாகவே இருந்தது. மூத்தவளுக்குச் செருப்பு வாங்கினேன். பிறகு அரிசி விலை ஏறியது. பருப்பு, மண்ணெண்ணெய், விறகு என்று எல்லாம் ஏறின. ஓட்டல் பலகையிலும் சாப்பாட்டு விலையை அழித்து அழித்து எழுதினார்கள். எங்கள் முப்பது ரூபாய் மட்டும் அப்படியே இருந்தது. அந்தக் காசுக்குப் பாதி மாத அரிசிகூட வரவில்லை. வீட்டில் ராத்திரி கேழ்வரகுக் கூழ் ஆனது. நான் நாளெல்லாம் ஊருக்குச் சோறு போட்டுவிட்டு, பின்கட்டில் டீ குடித்துப் பசியாறினேன். மாமாவும் எங்களோடு நின்று டீ குடிப்பார். "என்னா பண்றது மாப்ள, நமக்கெல்லாம் ஒரே கதிதான்" என்பார். அதுவே எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். மாமா வேலையிலிருந்து வரவில்லை. அக்கா தட்டு வைத்துச் சோறு போட்டாள். என் சின்னவன் ஒரு வாய் தின்றதுமே குதித்தான்.

"நைனா! நம்ம ஓட்டல் சாம்பாரு!"

எனக்கும் தெரிந்துவிட்டது. அந்த வெந்தய வாசனையும் பூசணித் துண்டும் எத்தனை வருடம் என் வீட்டுத் தட்டில் இருந்தவை! அக்காவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. மூலையில் ஓட்டல் தூக்கு இருந்தது, பழையதைவிடப் பெரியது.

"அவரு கொண்டாறாரு. நான் எதுவும் கேக்கறதில்லடா" என்றாள்.

என் மனைவி தட்டிலேயே கை கழுவினாள். பிள்ளைகள் இன்னும் கேட்டார்கள். அக்கா போட்டாள்.

மறுநாள் அடுப்பங்கரையில் மாமாவிடம் போய் நின்றேன். அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"உனக்கு மட்டும் சோறு நிக்கலயா மாமா?"

அவர் கரண்டியை நிறுத்தவில்லை. "உங்களச் சம்மதிக்க வெச்சதுக்குத்தான் எனக்குக் குடுக்கறாரு. நீங்க கத்தினீங்க, காசு வேணும்னு. நான் கத்தினனா?"

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ கத்தியிருப்பியா?" என்று சிரித்தார். சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது.

அந்த மாதமே சித்தூருக்கு வந்து ஒரு வெல்ல மண்டியில் மூட்டை தூக்கும் வேலையில் சேர்ந்தேன். இன்றும் வருடத்துக்கு ஒருமுறை அக்காவைப் பார்க்கத் திருப்பதி போகிறேன். அவள் தட்டெடுக்கும் முன்பே, வழியில் துன்னுட்டு வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். அவள் வற்புறுத்துவதில்லை. பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பி வந்து, காசு கொடுத்துச் சாப்பிடுகிறேன்.