ஆடியில் நின்ற ரோம் பயணம்

சரித்திர வாத்தியார் சத்யநாராயணனுக்குக் கண்பார்வை மங்கிக்கொண்டே வந்தது. இரண்டு மாதத்துக்கு மேல் உத்தரவாதமில்லை என்று டாக்டர் கைவிரித்த அன்றே, ரோமை நான்கு நாள் சுற்றிப் பார்த்துவிடுவது என்று சேலையூர் வீட்டில் முடிவு செய்தார்.

"ஏன்னா, ஆடி மாசத்துல யாராவது விசாவுக்கு எழுதிப் போடுவாளா? ஆவணி பொறக்கட்டும்" என்றாள் மனைவி திரிபுரசுந்தரி.

"ரோம்காரனுக்கு ஏதுடி ஆடி?" என்று சிரித்தாலும், அவள் பேச்சை அவர் தட்டவில்லை.

புரட்டாசித் தொடக்கத்தில் பாஸ்போர்ட் கூரியரில் திரும்பி வந்தது. உச்சிவெயில் கூடமெங்கும் கொட்டிக்கிடந்தது. விசா ஒட்டிய பக்கத்தை மூக்கருகே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "குடுத்திருக்கானா, இல்லையான்னு நீ சொல்லேன்" என்றார்.

"குடுத்துட்டான்" என்றாள். அந்த ஒரு மாதத்தை அவரிடமிருந்து தானே பிடுங்கிக்கொண்டதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.