சிரிப்புக்கு இட்ட பெயர்

டாக்டரிடம் போனால் குறையை மட்டும்தான் சொல்ல வேண்டும் என்பது எங்கள் கம்பம் பக்கத்துப் பழக்கம். நானும் அப்படித்தான் சொன்னேன். ஐந்து வயதாகியும் மகளுக்குப் பேச்சு வரவில்லை. நடந்தால் தள்ளாடுகிறாள். அவ்வப்போது வலிப்பு. மதுரையில் மரபணு பார்க்கும் டாக்டரம்மா ஒவ்வொன்றையும் கேட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். குடிகாரன் மாதிரி நடக்கிறாள் என்பேன் நான். அவர் அதற்கென்று உலகம் முழுக்க ஒரே மாதிரி வைத்திருக்கும் சொல்லைத் தேடிப் போடுவார். யாருடைய மரபணுவிலும் மாற்றங்கள் எக்கச்சக்கமாகக் கிடக்குமாம். எது நோய்க்குக் காரணம் என்று இந்தச் சொற்களை வைத்துத்தான் சலித்தெடுப்பார்களாம். பெயர் தெரிந்தால் மருந்து, மருந்து கிடைத்தால் பேச்சு என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். என் பெண் ஒரு தடவை அம்மா என்று கூப்பிட வேண்டும். அதற்கு மேல் எனக்கு ஆசை இல்லை.

ரத்தம் எடுத்துப் பார்த்த முதல் முடிவில் எதுவும் பிடிபடவில்லை. மறுபடி வரச் சொன்னார்கள். அன்று நர்ஸ் கையிலிருந்து தட்டு நழுவி விழுந்தது. என் மகள் கைகளை உதறி உதறிச் சிரித்தாள். நர்ஸுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை.

"எப்பவுமே இப்படித்தான் சிரிப்பாளா?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க தெருவுல திராட்ச வெட்டப் போறவுக இவ முகத்துல முழிச்சுட்டுத்தான் போவாக டாக்டர். காச்சலடிச்சாலும் சிரிப்பா. ஊசி போட்டாலும் சிரிப்பா."

"போன தடவை இதச் சொல்லலையேம்மா."

"சிரிக்கிறத யாராச்சும் வியாதின்னு சொல்லுவாகளா?"

அவர் கம்ப்யூட்டரில் எதையோ தட்டிப் போட்டார். என்ன போட்டீர்கள் என்று கேட்டேன். சற்றுத் தயங்கி, சூழலுக்குப் பொருந்தாத சிரிப்பு என்றார். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் எந்தச் சூழலுக்குத்தான் சிரிப்பு பொருந்தியது? மழையில் எங்கள் தோட்டத்துத் திராட்சை மொத்தமும் அழுகிக் கொட்டிய அன்று, அவள் சிரித்ததால்தான் எழுந்து அடுப்பு மூட்டினேன்.

அந்த ஒரு சொல்தான் வேலை செய்தது. அடுத்த முறை நானும் என் கணவரும் அவளைக் கூட்டிக்கொண்டு போனபோது காரணமான மரபணு கிடைத்திருந்தது. டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். வலிப்புக்கு மருந்தை மாற்றித் தந்தார். பேச்சு என்று இழுத்தேன். வார்த்தையாக வருவது கஷ்டம், படம் காட்டிச் சொல்லப் பழக்கலாம் என்றார். சிரிப்பு? அதுவும் இந்த நோயோடு வருவதுதான் என்றார். பேச்சு வராது என்பதை எப்படியோ தாங்கிக்கொண்டேன். சிரிப்பையும் எடுத்துக்கொண்டார்களே என்றுதான் ஆற்றவில்லை.

பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினோம். ஆண்டிபட்டிக் கணவாயில் வண்டி குலுங்கியதும் மடியில் தூங்கிக்கொண்டிருந்த மகள் விழித்தாள். என் முகத்தைப் பார்த்தாள். வாய் நிறையச் சிரித்தாள். வழக்கமாக நானும் சிரித்துவிடுவேன். அன்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவைக் கண்டதால் சிரிக்கிறாளா, சும்மா வருகிற சிரிப்பா? அவளைத்தான் கேட்க வேண்டும். அவளுக்குச் சொல்ல வராது.