காது வலியும் என் ஓரகத்தியும்

முதலில் வலது காதுக்குள் ஊசி குத்தியது போல ஒரு வலி. அப்போது திராட்சைப் பந்தலுக்குக் கீழே கொடி வெட்டும் கவாத்துக் கத்திரியோடு நின்றிருந்தேன். எறும்புதான் புகுந்துவிட்டது என்று உப்புத் தண்ணீர் ஊற்றினேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். எறும்பும் வரவில்லை, வலியும் போகவில்லை.

கம்பத்தில் காது டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "காது சுத்தமா இருக்கும்மா" என்றார். பல்லாக இருக்குமோ என்று ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டேன். நல்ல பல், அநியாயமாய்ப் போயிற்று. வீட்டில் என் கணவர், "டாக்டரே ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாக, பெறகென்ன நடிப்பு?" என்றார். இதே வலி உள்ளவர்களுக்கு இந்தப் பேச்சு பழகியிருக்கும்.

எனக்கு ஆத்திரமெல்லாம் செல்வி மேல்தான். என் கொழுந்தனின் மனைவி. ஒரே தோட்டம், ஒரே வேலை, அடுத்தடுத்த வரிசை. ஆனால் என்னைவிட ஒரு சாண் உயரம். நான் பின்னந்தலை முதுகில் முட்ட அண்ணாந்து நிற்கிற இடத்தில், அவள் லேசாக நிமிர்ந்து பாடிக்கொண்டே வெட்டுவாள். அவள் கழுத்தைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

தேனியில் ஒரு டாக்டர்தான், "என்ன வேல பாக்குறீங்கம்மா? செஞ்சு காட்டுங்க" என்று கேட்டார். அண்ணாந்தேன். காதில் வெட்டி இழுத்தது. மதுரைக்குப் போய் ஸ்கேன் எடுத்ததில், கழுத்தெலும்பின் மேல்பகுதியில் தேய்மானம் என்று தெரிந்தது. அங்கிருந்து கிளம்பும் ஒரு நரம்பு காது வரைக்கும் போகிறதாம். நசுங்குவது கழுத்தில், நோவது காதில்.

காலர் (கழுத்தை அசையாமல் பிடிக்கும் பட்டை) போட்டேன். பிசியோதெரபி (தசைக்கான பயிற்சி) செய்தேன். ஆறு மாதத்தில் காது வலி அடங்கியது, கழுத்தில் மட்டும் லேசான நோவு தங்கிவிட்டது. "ஆனா இனிமே அண்ணாந்து பாக்குற வேல வேணாம்" என்றார் டாக்டர்.

இருபது வருஷமாகக் கத்திரி பிடித்தவள் நான். கீழே உட்கார்ந்து பழம் தரம் பிரிக்க அனுப்பிவிட்டார்கள். "செல்வி கை வச்சாத்தான் கொடி காய்க்குது" என்று தோட்டத்து முதலாளி என் காதுபடவே சொன்னார். அடுத்த அறுவடை வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம் செல்வி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "உனக்கென்னக்கா, குடுத்து வச்சவ. நெழல்ல உக்காந்த வேல. உன் வரிசையும் சேத்து நானே பாக்கேன்ல, ரெண்டு நாளா காதுக்குள்ள குத்துது" என்றாள்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

"காதுல ஒண்ணும் இருக்காதுடி, தேனிக்குப் போயி கழுத்தக் காட்டு" என்று அவளிடம் சொன்னேன். சொல்லாமல் இல்லை. ஆனால் அதைச் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் என் கழுத்து கொஞ்சம்கூட வலிக்கவில்லை.