இறங்கிய பிறகு சொல்லலாம்

பேகம்பூரில் அஃப்சானாவை வம்புக்கு இழுக்க வேண்டுமென்றால் அவள் கணவனின் வேலையைப் பற்றிக் கேட்டால் போதும். “ஒங்க வீட்டுக்காரர் பிளேனு ஓட்டுறாராமே, கண்டக்டர் யாரு?” என்பார்கள். “நான்தான்” என்று சிரிக்காமல் பதில் சொல்வாள். அதில் பெரிய பொய்யும் இல்லை. அல் அமீன் மதுரையில் ஒரு மில் முதலாளியின் சொந்த விமானத்தை ஓட்டுகிறவன். நாலு பேர் உட்காரக்கூடிய சின்ன விமானம். எங்கே போவதாக இருந்தாலும் அதற்கான தாள்களை முந்தின நாள் சமையற்கட்டுத் தரையில் பரப்பிக்கொள்வான். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேள்வி கேட்பாள். அவன் பள்ளிக்கூடப் பிள்ளையாட்டம் ஒப்பிப்பான்.

கல்யாணமாகிப் பதினாறு வருஷம். பிள்ளை இல்லை. ஊர் அதைப் பேசிப் பேசி ஓய்ந்துவிட்டது. மாமனார் கிதர் முகம்மது தோல் மண்டி வைத்திருந்தவர். பக்கவாதத்தில் படுத்து நாலு வருஷம் ஆகிறது. அவருக்குக் கஞ்சி ஊட்டுவது, முகம் கை கால் கழுவித் தொழுகைக்கு உட்கார்த்திவைப்பது, முதுகில் புண் வராமல் புரட்டிப் போடுவது எல்லாம் அஃப்சானாதான். மாமியார் ரம்ஜான் பீவிக்கு மூட்டுவலி. அவரால் பக்கத்தில் உட்கார்ந்து ஓத மட்டும்தான் முடியும்.

இந்த மாசி மாதம் பெங்களூரில் விமானக் கண்காட்சி. முதலாளி தன் விமானத்தை அங்கே கொண்டுபோய் நிறுத்த ஆசைப்பட்டார். அல் அமீன் ஒரு மாதம் தாளும் கையுமாகத் திரிந்தான். தாளில் இருந்ததெல்லாம் அவளுக்கும் மனப்பாடம். நகரத்துக்கு வெளியே ஒரு ஏரிக்கு மேல், இறங்க வருகிற மற்ற விமானங்களோடு வரிசையில் சேர வேண்டும். அதற்கப்புறம் ரேடியோவில் பேசக்கூடாது, கேட்க மட்டும்தான். கீழேயிருந்து ‘நீலக்கோடு போட்ட வெள்ளை விமானம்’ என்று கூப்பிட்டால் இறக்கையை ஆட்டிக்காட்ட வேண்டும். ஒன்பது மணியிலிருந்து ஒன்பது பத்துக்குள் இறங்கிவிட வேண்டும். தவறினால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

“முன்னாடி ஒருத்தன், பின்னாடி ஒருத்தன். செத்த நேரம் மனசு வேற பக்கம் போச்சுன்னா முடிஞ்சுச்சு” என்று அவன் சொன்னதை அவள் மறக்கவில்லை. மறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்றைக்கு ஆறே முக்காலுக்கு அவன் மதுரையில் கிளம்ப வேண்டும். ஆறரைக்கு, விடியற்காலை சுபுஹு தொழுது முடித்துப் படுத்திருந்த மாமனார் இரண்டு முறை பெருமூச்சு விட்டார். மூன்றாவது மூச்சு வரவில்லை. அஃப்சானா அவர் கண்களை மூடி, தாடையைத் துணியால் கட்டினாள். மாமியார் வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதார். மணி ஏழு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது போன் அடித்தது. அல் அமீன். காது கிழிகிற மாதிரி எஞ்சின் சத்தம்.

“அத்தா எந்திரிச்சுட்டாகளா?” என்று தகப்பனாரை விசாரித்துக் கத்தினான்.

போன வருஷம் சிறுமலைப் பக்கம் தாழப் பறந்தபோது ஒரு நாள் இப்படித்தான் போன் போட்டு, மாடிக்கு வந்து பார் என்று கத்தியிருந்தான். செய்யக்கூடாத காரியம். பைத்தியம் மாதிரி இன்றைக்கும் மேலேயிருந்து பேசுகிறானே என்று பயந்தாள். நம் பக்கத்தில் வழியில் இருக்கிறவனுக்கு மவுத்துச் செய்தி சொல்வதில்லை. பஸ்ஸில் வருகிறவனுக்கே சொல்லமாட்டார்கள். இவன் கையில் விமானத்தை வைத்திருக்கிறான்.

“தூங்குறாக. நீங்க பாத்துப் போங்க” என்றாள்.

கொழுந்தன் முகமது பாரூக் வந்ததும் முதல் வேலையாக அவனைத் தடுத்தாள். “பள்ளிவாசல் வாட்ஸப் குரூப்புல போட்றாதீங்க. ஒம்பது பத்து வரைக்கும் யாரும் அவருக்குச் சொல்லக்கூடாது. எறங்கட்டும்.”

சொந்தக்காரர்கள் வந்து குவிந்தார்கள். எல்லோரும் மய்யித்தைப் பார்த்து அழுதார்கள். அஃப்சானா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு ஐம்பது, ஏரி வந்திருக்கும். எட்டு ஐம்பத்தஞ்சு, இறக்கையை ஆட்டியிருப்பான். ஒன்பது பதினொன்றுக்குப் போனில் ஒரு படம் வந்தது. விமானத்துக்குப் பக்கத்தில் நின்று அவன் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். அத்தாவிடம் காட்டு என்று கீழே எழுதியிருந்தான். அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

பாரூக் போன் போட்டான். “அத்தாவுக்குக் கொஞ்சம் சீரியஸா இருக்கு, கெளம்பி வாண்ணே” என்றான். அதற்கு அர்த்தம் என்னவென்று அல் அமீனுக்குத் தெரியாதா? விமானத்தை எடுக்கப் பார்த்தான். சாகச விமானங்கள் பறப்பதற்காக வானத்தை அடைத்துவிட்டார்கள், நாளைக்குத்தான் என்றார்கள். காரில் கிளம்பினான். கண்காட்சிக் கூட்டத்தில் பிதுங்கி அவன் கிருஷ்ணகிரி தாண்டும்போதே மணி இரண்டாகிவிட்டது.

அங்கிருந்து தம்பிக்குப் பேசினான். “சாயங்காலம் அஸர் தொழுகைக்கே எடுத்துருங்கடா. அத்தா யாரு மய்யித்தையும் காக்க வச்சதில்ல. அடக்குன பெறகு நான் வந்து கபுரைப் பாத்துக்கிறேன்.”

ஏழு மணிக்கு வந்து சேர்ந்தான். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மூன்று கைப்பிடி மண் போட மூத்த மகன் இல்லை.

மறுநாள் காலை, வந்தவர்கள் ஓய்ந்த நேரத்தில், அவள் டீ கொண்டுபோய் வைத்தாள். அவன் தலையைத் தூக்காமல் கேட்டான்.

“நேத்து நான் பேசினப்ப அத்தா நல்லாத்தான தூங்கிட்டு இருந்தாக?”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். அவனுக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் நாலு வருஷம் தன் கையால் பார்த்த மனுஷனின் கடைசி மூச்சைப் பற்றி மறுபடியும் பொய் சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

“அப்பவே மவுத்தாயிட்டாக. நீங்க மேல பறந்துக்கிட்டு இருக்கீகன்னு நெனச்சேன். எஞ்சின் சத்தம் கேட்டுச்சு.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். கோபம் இருந்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

“அது பக்கத்துல நின்ன பிளேனோட சத்தம். எனக்கு அனுமதி வர லேட்டாச்சு. அதான் ஒனக்குப் போன் போட்டேன். இருபது நிமிசம் மதுரையில தரையிலதான் நின்னுக்கிட்டு இருந்தேன்.”

மதுரையிலிருந்து பேகம்பூர் காரில் ஒன்றேகால் மணி நேரம்.

“எங்க இருக்கீகன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல, அஃப்சானா” என்றான் அவன்.