முக்கோண மனையின் முன்படம்

அலுவலக மருத்துவர் பதினொரு ஆண்டுகளுக்கு முன் எழுதிய குறிப்பு இன்றும் கோப்பில் இருக்கிறது: “மகரந்தத்தால் கடும் ஒவ்வாமை. இவர் பூக்களின் அருகே செல்லாதிருத்தல் நலம்.” அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில் ஆண்டு மதிப்பீடு: “அமைதியானவர். சொன்னதைச் செய்வார். தனி ஆர்வம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.”

இரண்டு பேருமே அவரை நேரில் உட்காரவைத்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதினார்கள்.

அவர் நகர அலுவலகத்தின் களை அகற்றும் பிரிவில் படம் எடுப்பவர். செடி பூக்கிற நாளெல்லாம் தும்முவார் என்பதால் தும்மலக்கா. பெயர் வைத்தது மேஸ்திரி. களை வெட்டும் ஆறு பேருக்குத் தலைவர். பெயர் வைத்த நாளில் அக்கா கோபித்துக்கொள்வார் என்று மேஸ்திரி எதிர்பார்த்தார். அக்கா ஒரு தும்மலோடு அதை ஏற்றுக்கொண்டார்.

வேலை எளிது. புதர் மண்டிய காலி மனையில் வெட்டுவதற்கு முன் ஒரு படம், வெட்டிய பிறகு ஒரு படம். முன்படம், பின்படம். இரண்டும் ஒரே இடத்தில் நின்று எடுத்ததாக இருக்க வேண்டும். அதற்காக அக்கா நிற்கிற இடத்தில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு பொட்டு வைப்பார். ஒருமுறை மேஸ்திரியின் ஆட்கள் ஒரே மனையை இரண்டு பக்கமிருந்து படம் எடுத்து இரண்டு மனை என்று காட்டிவிட்டார்கள். கண்டுபிடித்த கண்காணிப்பாளர் அன்றே ஒரு சுற்றறிக்கை எழுதினார்: “வெட்டும் நாளிலேயே எடுத்த முன்படம் பதிவாவதற்கு முன் எந்தக் களையின் மீதும் கத்தி படக்கூடாது. அதற்கென நியமிக்கப்பட்டவரே, அலுவலகக் கேமராவில் மட்டுமே, படம் எடுக்க வேண்டும்.” அதைக் கண்ணாடி போட்டு நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருக்கிறார். பெற்ற பிள்ளையின் பட்டமளிப்புப் படத்தைக்கூட அவர் அவ்வளவு நேராக மாட்டவில்லை.

முதல் இரண்டு ஆண்டுகள் அக்கா களையை அடையாள அட்டைக்கு எடுப்பதுபோல்தான் எடுத்தார். பிறகு ஒரு பனிக்காலையில், தரையோடு படர்ந்த நெருஞ்சியை எடுக்கக் குனிந்தபோது தும்மல் முட்டிக்கொண்டு வந்தது. தும்மினால் படம் ஆடிப்போகும். மூச்சை அடக்கினார். அடக்கியபடி பார்த்தார். மஞ்சளாக ஐந்து இதழ். ஒன்றில் ஒரு பனித்துளி. ஓர் எறும்பு நடுவில் இறங்கி, ஏதோ விசாரித்துவிட்டு வெளியே வந்தது. லாரிச் சத்தம் எங்கோ போய்விட்டது. கண்காணிப்பாளரின் குரல், கணவரின் முட்டிவலி, மகள் பேசாமல் வைத்த தொலைபேசி, எல்லாம் வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றன. கேமரா ‘க்ளிக்’ என்றது. அதற்குப் பின் ஏழு தும்மல்.

அந்த க்ளிக்கிற்கும் முதல் தும்மலுக்கும் நடுவே இருந்த அமைதியைத் தேடி ஆட்கள் மலையேறுகிறார்கள். அக்காவுக்கு அது நீரேற்று நிலையத்தின் பின்புறம், மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கையில் கிடைத்தது.

கணவர் பூட்டு பழுது பார்ப்பவர். பூட்டைப் போலவே அவருக்கும் ஒரு விஷயம் திறக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

“ஏம்மா, வீட்டுல ஒரு பூந்தொட்டி வெச்சா வீடே அதிர்ற மாதிரி தும்முறே. அங்க போயி பூவைத் தேடித் தேடித் தும்முறியே, இது என்ன வேண்டுதல்?”

“தும்முறது மூக்கு. பாக்குறது கண்ணு. ரெண்டும் எங்கிட்ட தனித்தனியாத்தான் வேலை பாக்குது. அதுக்குள்ள நீங்க ஏன் பஞ்சாயத்து பண்றீங்க?”

கணவர் சாவியை அரத்தில் தேய்க்கத் தொடங்கினார். விஷயம் முடிந்தது என்று அர்த்தம்.

நீரேற்று நிலையத்தின் பின்னால், இரண்டு மதிலும் ஒரு வாய்க்காலும் சேரும் இடத்தில் ஒரு முக்கோண மனை இருக்கிறது. அக்காவின் மனம் அங்கே சிக்கிக்கொண்டது. வெயிலில் மற்ற செடிகள் கருகிக் கிடக்க, ஊமத்தை மட்டும் வெள்ளைக் குழலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். முதல் மழைக்குத் தொட்டாற்சுருங்கியின் ஊதாப் பந்துகள். மழை நின்றதும் தும்பை. பனியில் புல்லே பூக்கும். புல் பூப்பதைப் பார்க்க முழங்கால் மண்ணில் பட வேண்டும், அதனால்தான் பெரும்பாலோர் பார்ப்பதில்லை.

எந்த மனையை எப்போது வெட்டுவது என்ற பட்டியலைத் தயாரிப்பவரும் அக்காதான். முக்கோணத்தை எப்போதும் கடைசியில் போட்டார். பட்டியல் முடிவதற்குள் பருவம் மாறும். புதுப் பட்டியல் வரும். முக்கோணம் மறுபடி கடைசி. நான்கு ஆண்டுகளாக அந்த மனைக்கு அறுபத்திரண்டு முன்படங்கள் இருந்தன. பின்படம் ஒன்றுகூட இல்லை. சொன்னதைச் செய்பவர், சொல்லாத நாளில் என்ன செய்வார் என்று மதிப்பீட்டில் கட்டம் இல்லை.

அந்த மனையில் நான்கு ஆண்டுகளாக அவர் கேமராவுக்குள் வராத பூ ஒன்றே ஒன்று. துருப்பிடித்த குழாயைப் பற்றி ஏறிய ஒரு கொடியினுடையது. எங்கிருந்து வந்தது, பெயர் என்ன, ஒன்றும் தெரியாது. இலை விட்டது, நீண்டது, காய்ந்தது, மறுபடி துளிர்த்தது, பூக்கவே இல்லை. இந்தப் பனிக்காலத் தொடக்கத்தில் அதில் எட்டு மொட்டுகள் வந்தன. முறுக்கிய குடைபோல, நுனியில் நீலம் கசிந்தபடி.

அந்த வாரம்தான் தலைமை அலுவலகத்தின் ஆண்டறிக்கை அச்சாகி வந்தது. படங்களை அடுக்கிய எழுத்தருக்கு ஒரு பக்கம் மற்ற மனைகளின் வெறும் மண்ணும் மறுபக்கம் முக்கோணத்தில் அக்கா எடுத்த பூக்களும் கிடைத்திருக்கின்றன. ஒரு பிரிவு பூவை மண்ணாக்குவதற்காகவே நடத்தப்படுகிறது என்று அந்த நல்ல மனிதருக்குத் தோன்றவில்லை. மண்ணுக்கு அடியில் ‘முன்’ என்றும் பூவுக்கு அடியில் ‘பின்’ என்றும் போட்டுவிட்டார். தரிசை மலர்ப் பூங்காவாக்கிய பிரிவைப் பாராட்டி தலைமை அதிகாரியின் கடிதம் வந்தது. வியாழக்கிழமை பத்து மணிக்குப் பூங்காவைப் பார்க்க நேரில் வருகிறாராம்.

கண்காணிப்பாளர் அரை நாள் மகிழ்ந்தார். பிறகு முக்கோணத்தைப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து அக்காவைக் கூப்பிட்டார்.

“இது பூங்காவாம்மா? கிட்ட வெச்சு எடுத்ததால பூவாத் தெரியுது. தள்ளி நின்னு பாத்தா காடு.”

“நீங்க தள்ளியே நின்னுட்டீங்க சார்.”

“வியாழக்கிழமை காலையில மொத்தத்தையும் வெட்டிடறோம். ஒம்பது மணிக்கு வாடகைத் தொட்டி நாப்பது வருது. ரோஜா. வரிசையா அடுக்கிட்டா முடிஞ்சது. நீங்க ஒரு முன்படம் எடுத்துக் குடுத்துட்டு ஒதுங்கிக்குங்க.”

“அந்தக் கொடி இன்னும் பூக்கல சார். ரெண்டு மூணு நாள்ல பூத்துரும்.”

கண்காணிப்பாளர் கோப்பைத் திறந்து மருத்துவக் குறிப்பின் மேல் விரலை வைத்தார். “பூ கிட்டயே போகக்கூடாதுன்னு இதுல இருக்கு. இவ்வளவு நாளா உங்களை வெளிவேலைக்கு அனுப்பினது என் பெருந்தன்மை. ஆவண அறையில ஆள் தேவைப்படுது. ஜன்னல்கூடக் கிடையாது. உடம்புக்கு நல்லது.”

அக்கா கோப்பை மூடி அவர் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தார். அமைதியானவர் என்றுதான் மதிப்பீட்டிலேயே இருக்கிறதே.

வியாழக்கிழமை ஏழரை மணிக்கு மேஸ்திரியும் ஆட்களும் கத்தியோடு வந்தபோது, அக்கா வெள்ளைப் பொட்டின் மேல் நின்றுகொண்டிருந்தார். கேமரா கழுத்தில் தொங்கியது. அதன் மேல் இரண்டு கைகளையும் கட்டியிருந்தார்.

“எடுத்தாச்சாக்கா?”

“இல்ல.”

“எடுங்க, ஆரம்பிக்கலாம்.”

“எடுக்கல.”

மேஸ்திரி கத்தியால் முதுகைச் சொறிந்துகொண்டார். “எப்ப எடுப்பீங்க?”

“எடுக்கப் போறதில்ல.”

மேஸ்திரி ஆட்களைப் பார்த்தார். ஆறு பேரும் வாய்க்கால் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்கள். முன்படம் இல்லாமல் வெட்டினால் செய்த வேலை செய்யாத வேலையாகிவிடும் என்று அவர்களை விட நன்றாக அறிந்தவர் ஊரில் இல்லை. சுற்றறிக்கையே அவர்கள் புண்ணியத்தில் வந்ததுதான்.

எட்டரைக்குக் கண்காணிப்பாளர் வந்தார். “என்ன வேடிக்கை? வெட்டுங்கப்பா.”

“படம் பதிவாகாம கத்தி படக்கூடாதுன்னு நீங்கதான் சார் எழுதியிருக்கீங்க. கண்ணாடி போட்டு வேற மாட்டியிருக்கீங்க” என்றார் மேஸ்திரி, மிகுந்த மரியாதையுடன்.

“கேமராவைக் குடுங்கம்மா. நானே எடுக்கிறேன்.”

“நியமிக்கப்பட்டவர்தான் எடுக்கணும் சார்” என்றார் அக்கா. “வாக்கியம் உங்களோடது. நல்லாத்தான் எழுதியிருக்கீங்க.”

கண்காணிப்பாளர் நெற்றியைத் துடைத்தார். தன் விதியைத் தானே மீறினால் இரண்டு மனைக் கதை மறுபடி கிளம்பும். மேஸ்திரி அந்த நாளுக்காகவே உயிர்வாழ்கிறார். “வேலை போயிடும்மா” என்றார். இம்முறை மிரட்டலாக இல்லை, தகவலாக இருந்தது.

“போகட்டும் சார். ஆனா நான் இங்கதான் நிப்பேன்.”

ஒன்பது மணிக்கு வெயில் மதிலைத் தாண்டிக் குழாயின் மேல் விழுந்தது. எட்டில் ஒரு மொட்டு முறுக்கைத் தளர்த்தியது. இத்தனை பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சமில்லாமல், நிதானமாக விரிந்தது. நடுவில் வெண்மை, விளிம்பில் மழைக்கு முந்தைய வானத்தின் நீலம். சல்லாத் துணிபோல் மெல்லிய இதழில் வெயில் ஊடுருவி மறுபக்கம் போனது. உச்சி வெயிலுக்குள் வாடிவிடும் வகை என்று பார்த்தவுடனே தெரிந்தது.

அக்காவின் விரல் கேமராவின் பொத்தானைத் தானாகத் தேடிப் போனது. நான்கு ஆண்டுகள் காத்திருந்த விரல். அழுத்தினால் அந்த மனையின் அன்றைய முன்படம் பதிவாகும். பதிவானால் ஆறு கத்திகள் எழுந்து நிற்கும்.

“அக்கா” என்றார் மேஸ்திரி மெதுவாக, “பூத்துருச்சு.”

“பாக்குறேன்.”

மூக்கு உள்ளிருந்து குடைந்தது. அக்கா மூச்சை அடக்கினார். பழைய அமைதி வந்தது. கேமரா இல்லாமலே வந்தது, இன்னும் கொஞ்சம் நீளமாக. பிறகு ஒன்பது தும்மல். வாய்க்காலில் இருந்த கொக்கு பறந்துபோனது.

ரோஜாத் தொட்டி வண்டி வந்து, இறக்க இடமில்லாமல் திரும்பியது. பத்து மணிக்குத் தலைமை அதிகாரி வந்தார். வெள்ளைப் பொட்டுவரை நடந்தார், குனிந்து தும்பையைப் பார்த்தார், குழாயின் முன் வெகுநேரம் நின்றார். “பராமரிப்பு அருமை. தினமும் தண்ணீர் விடுகிறீர்களா?” என்று கேட்டார். கண்காணிப்பாளர், “ரெண்டு வேளை சார்” என்றார்.

முக்கோணம் களைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அக்கா மருத்துவக் காரணங்களுக்காக ஆவண அறைக்கு மாற்றப்பட்டார்; கேமராவை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். ஆண்டு மதிப்பீட்டில் இம்முறையும் “அமைதியானவர்” என்றே இருக்கிறது. வேலைக்குப் போகும் வழியில் தினமும் முக்கோணத்தின் பக்கம் தும்மல் சத்தம் கேட்பதாக மேஸ்திரி சொல்கிறார்.

அந்த வியாழக்கிழமை, ஏழரையிலிருந்து பத்து மணிவரை, கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவர் அந்தப் பூவின் எதிரே நின்றார். படம் எடுக்கவில்லை.