சித்தியின் இங்கிலீஷ் நோட்டு

ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் நான் சித்திக்குப் பரீட்சை வைத்தேன். சித்தி அம்மாவின் தங்கை. அம்பத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கள்ளிக்குப்பத்தில் எங்களோடுதான் இருந்தாள். வெளிநாட்டு வேலைக்காக ஆங்கிலத் தேர்வு எழுதி, அரை மார்க்கில் கோட்டை விட்டிருந்தாள். இலக்கணத்தில் குறையில்லையாம், சேரக்கூடாத சொற்களைச் சேர்த்துவிட்டாளாம். இரண்டாம் தடவைக்கு லீவு வாங்கவே படாத பாடு பட்டாள். மூன்றாவது கிடையாது.

அதனால் ஒரு நீள நோட்டில் சேர வேண்டிய சொற்களைப் பென்சிலால் ஜோடி ஜோடியாக எழுதிக்கொண்டாள். மழை என்றால் ஹெவி, டீ என்றால் ஸ்ட்ராங், மாற்றக் கூடாது. நாம் மருந்து சாப்பிடுகிறோம், இங்கிலீஷ்காரர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். நமக்குச் சளி பிடிக்கிறது. ஆங்கிலத்தில் ஆள்தான் போய்ச் சளியைப் பிடிக்க வேண்டும். சித்தி டியூட்டி முடிந்து வந்து சப்பாத்தி தேய்க்கும்போது நான் நோட்டைப் பார்த்துக் கேள்வி கேட்பேன். தப்பாகச் சொன்னால் தலையில் ஒரு குட்டு. அந்த அதிகாரம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஒருநாள் அப்பா பேச்சுவாக்கில் சொன்னார்: “இந்த தபா பாஸ் பண்ணிட்டா உன் சித்தி ஏரோப்ளேன் ஏறிப் பூடும். அப்பால ரெண்டு வருசம் கழிச்சுத்தான் வரும்.”

தேர்வு எதற்கென்று எனக்குத் தெரியும். அவள் போய்விடுவாள் என்பதுதான் அதுவரை உறைக்கவில்லை. தினமும் எனக்குச் சடை பின்னிவிடுவது அவள்தான். இரவில் அவள்மேல் கால் போட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். மறுநாள் அவள் வேலைக்குப் போனதும் ரப்பரை எடுத்தேன். மிஸ்டேக்குக்கு முன்னால் இருந்த ‘மேக்’கை அழித்து ‘டூ’ என்று எழுதினேன். மழையை ஸ்ட்ராங் ஆக்கினேன். மொத்தம் பதினோரு இடம்.

அன்று சாயங்காலம் நோட்டைப் புரட்டியவள் ஒரு பக்கத்தில் சற்று நின்றாள். பிறகு என்னிடம் நீட்டி, “கேளுடி” என்றாள். கேட்டேன். ‘டூ எ மிஸ்டேக்’ என்றாள். மழையும் ஸ்ட்ராங்காகவே பெய்தது. தேர்வுக்கு முந்தின நாள்வரை பதினோரு தப்பையும் பிசகாமல் ஒப்பித்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

தேர்வன்று காலை அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது ஓடிப்போய், மிஸ்டேக்குக்கு ‘மேக்’தான் வரும் என்று அழுகையோடு சொன்னேன். அதற்குள் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துவிட்டார். மற்றது எதையும் சொல்ல முடியவில்லை.

“அப்படியா? நல்லவேளை சொன்னே” என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டு ஏறிக்கொண்டாள்.

சித்தி பாஸ் செய்தாள், நல்ல மார்க்கில். வழியனுப்பும்போது அழுதேன், ஆனால் என்னால்தான் பாஸானாள் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன். மிச்சம் பத்துத் தப்பை அவள் எப்படிச் சமாளித்தாள் என்று எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் கோணல் எழுத்தை யாரும் ஒரு நர்ஸின் எழுத்தென்று நம்பமாட்டார்கள் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.